இலை வந்த பின்னரே ஊசி: பயணத்தில் உணவகம் நாடும் நீரிழிவு நோயாளர்களுக்கு

பயணம் என்றாலே நம்மவர்க்கு உணவும் சேர்ந்தே நினைவுக்கு வரும். மதுரைக்குச் செல்வோர் கறிதோசையையும் ஜிகர்தண்டாவையும், ஆம்பூரைக் கடப்போர் பிரியாணியையும், கும்பகோணம் செல்வோர் இட்லியுடன் கடப்பாவையும் டிகிரி காப்பியையும் மனத்தில் குறித்துக்கொண்டே புறப்படுகின்றனர். விருதுநகரின் எண்ணெய் பரோட்டாவுக்காகவும் காரைக்குடியின் மெஸ் சாப்பாட்டுக்காகவும் வழியைச் சற்றே மாற்றிக்கொள்வோரும் உளர். நாங்களும் அவ்வாறு வண்டியை நிறுத்துபவர்களே. ஆகவே, நீரிழிவு கண்டறியப்பட்ட சில நாள்களில் பலரும் தயக்கத்துடன் கேட்கும் கேள்வி எங்களுக்கு வியப்பளிப்பதில்லை: "டாக்டர், இனிமேல் வெளியூர் போனால் ஓட்டலில் சாப்பிடவே கூடாதா?"

சாப்பிடலாம். அதைச் சொல்வதற்கே இக்கட்டுரையை எழுதுகிறோம். ஆனால் ஒரு திருத்தத்துடன். பயணத்தில் எதைச் சாப்பிடுவது என்பதைப் பற்றியே நோயாளரும் குடும்பத்தாரும் கவலைப்படுகின்றனர். எப்போது சாப்பிடுவது என்பதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. எங்கள் அனுபவத்தில், பயணத்தின்போது உயிருக்கு ஆபத்தை விளைவிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஒரு மதிய உணவின் கதை

அடையாளம் எதையும் குறிப்பிடாமல் ஒரு நிகழ்வைச் சொல்கிறோம். ஏறத்தாழ அறுபது வயதுடைய ஒருவர், குடும்பத்துடன் காரில் திருச்சியிலிருந்து மதுரைக்குச் சென்றார். காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். மதியத்திற்கும் ஒரு சிறிய அளவு உண்டு. மதுரையில் அவருக்கு மிகவும் பிடித்த மெஸ் ஒன்று இருக்கிறது. மேலூரைத் தாண்டும்போது, "இன்னும் அரை மணி நேரத்தில் சாப்பிட்டுவிடலாம்" என்று மகன் சொன்னார். உணவுக்கு அரை மணி நேரம் முன்பாக ஊசி போட வேண்டும் என்று நாங்கள் கற்பித்திருந்தோம். அவர் அதைச் சரியாகக் கடைப்பிடித்து, ஓடும் வண்டியிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டார்.

முகூர்த்த நாள். நகருக்குள் வண்டி ஊர்ந்தது. வழியில் நல்ல உணவகங்கள் இருந்தன. ஆனால், பிடித்த கடை இவ்வளவு அருகில் இருக்கும்போது வேறு கடையில் ஏன் அமர வேண்டும் என்று கடந்து சென்றனர். மெஸ் வாசலில் நாற்காலிக்குக் காத்திருப்போர் கூட்டம். ஊசி போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியும் இலை விரிக்கப்படவில்லை. இயல்பில் அமைதியானவர், இடம் கொடுக்கவில்லை என்று கடைக்காரரிடம் கூச்சலிட்டார். பசி வந்தால் கோபம் வரும் என்று மனைவி சமாதானம் சொன்னார். சட்டை வியர்வையில் நனைந்தது. வெயில் என்று நினைத்தனர். கை கழுவும் இடத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றவர், மகனின் பெயரைச் சொல்லத் தடுமாறினார்.

பரிமாறிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் அதைக் கவனித்தார். "இவருக்குச் சுகர் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், காப்பி போடும் இடத்திலிருந்து சர்க்கரையை அள்ளி ஒரு தம்ளர் நீரில் கலக்கிக் கொடுத்தார். அவர் வீட்டிலும் ஒரு நோயாளர் இருந்திருக்க வேண்டும். காரிலிருந்து கருவியைக் கொண்டுவந்து பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 41. சர்க்கரை நீர் உள்ளே சென்ற பிறகு எடுத்த அளவு அது. அதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

இந்நிகழ்வில் நோயாளர் தவறு எதுவும் செய்யவில்லை என்பதே எங்களை உறுத்தியது. வீட்டில் பின்பற்ற வேண்டிய விதியை நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தோம். சாலையில் அவ்விதி எவ்வாறு மாறும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

உள்ளே நிகழ்வது என்ன?

நலமாக உள்ள ஒருவரின் கணையம், உணவு வந்த பிறகு, வந்த அளவுக்கேற்ப இன்சுலினைச் சுரக்கிறது. உணவு தாமதமானால் சுரப்பும் காத்திருக்கும். ஊசியால் செலுத்திய இன்சுலின் அவ்வாறு காத்திராது. சாதாரண மனித இன்சுலின், செலுத்திய அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்தை எட்டுகிறது. விரைந்து செயல்படும் புதிய வகை இன்சுலின்கள் கால் மணி நேரத்திற்குள்ளாகவே தொடங்கிவிடுகின்றன. அந்நேரத்தில் குடலிலிருந்து சர்க்கரை வராவிட்டால், இரத்தத்தில் இருப்பதையே அவை குறைக்கும்.

100 மி.லி. இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதைத் தாழ்சர்க்கரை நிலை என்கிறோம். மக்கள் வழக்கில் 'லோ சுகர்'. முதலில் உடல் எச்சரிக்கிறது: கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, கடும் பசி. 54-க்குக் கீழே இறங்கும்போது மூளைக்குப் போதிய எரிபொருள் கிடைப்பதில்லை. காரணமற்ற கோபம், குழப்பம், நாக்குழறல், தள்ளாட்டம் ஆகியவை தோன்றும். அதற்கும் கீழே சென்றால் வலிப்பும் நினைவிழப்பும் நேரலாம். உயர்ந்த சர்க்கரை பல ஆண்டுகளில் கெடுக்கும். தாழ்ந்த சர்க்கரை சில நிமிடங்களில் கெடுக்கும். ஒரு வேளை உணவுக்குப் பின் 220 இருந்தால் மறுநாள் சரிசெய்து கொள்ளலாம். நெடுஞ்சாலையில் 40 இருந்தால் அந்த வாய்ப்பு கிட்டாமலும் போகலாம்.

இதய நோய்க்காகவோ இரத்த அழுத்தத்திற்காகவோ 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை உண்போர்க்கு நடுக்கமும் படபடப்பும் வெளிப்படாமல் மறைந்துவிடலாம். வியர்வை மட்டும் மறையாது. பல்லாண்டு நீரிழிவு உள்ளவர்களுக்கும் எச்சரிக்கைக் குறிகள் மங்கிவிடுகின்றன. அத்தகையோருடன் பயணம் செய்யும் குடும்பத்தார், காரணமற்ற வியர்வையையும் காரணமற்ற கோபத்தையும் வெயிலின் மீதோ பசியின் மீதோ சுமத்திவிடாமல், உடனே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

உங்கள் மாத்திரை எந்த வகை?

எல்லா நீரிழிவு மருந்துகளும் இவ்வாபத்தைத் தருவதில்லை. பயணத்திற்கு முன் உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு என்ற பெயர்களில் ஏதேனும் ஒன்று இருப்பின், அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகை. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அது தூண்டிக்கொண்டே இருக்கும். முதியோர்க்கும் சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும் இம்மருந்துகள், குறிப்பாகக் கிளிபென்கிளமைடு, நெடுநேரம் உடலில் தங்கும்.

மெட்பார்மின் மட்டும் உண்போர்க்குத் தாழ்சர்க்கரை நேர்வது அரிது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. "நான் மெட்பார்மின்தான் சாப்பிடுகிறேன்" என்று சொல்லும் பலருடைய அட்டையில், ஒரே மாத்திரைக்குள் கிளிமிபிரைடும் சேர்ந்தே இருக்கிறது. அத்தகைய கூட்டு மாத்திரைகள் நம் நாட்டில் மிகப் பரவலாக வழங்கப்படுகின்றன. வணிகப் பெயரைப் பாராமல், அதன் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். தெரியாவிட்டால் அட்டையை எங்களிடம் கொண்டு வாருங்கள்.

சாலைக்குரிய விதி

வீட்டில் சமையலறை நம் கையில் இருக்கிறது. எனவே ஊசி முன்னும் உணவு பின்னுமாக இருக்கலாம். பயணத்தில் சமையலறை பிறர் கையில். ஆகவே வரிசையை மாற்றிக்கொள்க. இலையோ தட்டோ உங்கள் முன் வந்து, அதில் உணவு பரிமாறப்பட்ட பின்னரே உணவு வேளைக்குரிய இன்சுலினைப் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையாயின் முதல் கவளத்துடன் விழுங்குங்கள். "ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்" என்று சர்வர் சொல்வது வாக்குறுதி. தட்டில் இருப்பதே உணவு.

சாதாரண இன்சுலினை இவ்வாறு தாமதமாகப் போட்டால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சற்று உயரும் என்பது உண்மையே. ஓரிரு நாள் பயணத்தில் அதை ஏற்றுக்கொள்ளலாம். அடிக்கடி பயணம் செய்வோர்க்கு, உணவுக்குச் சற்று முன்னரோ உண்ட உடனேயோ போடத்தக்க விரைவு வகை இன்சுலின் பொருத்தமானதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

ஒரு வேளை உணவே கிடைக்காமற்போனால், அந்த வேளைக்குரிய விரைவு இன்சுலினையும் தூண்டும் வகை மாத்திரையையும் விட்டுவிடலாம். நாள் முழுதும் செயல்படும் நீண்டகால இன்சுலினை மட்டும் விடலாகாது. இரண்டும் கலந்த கலவை இன்சுலின் போடுவோர், உணவு தாமதமானால் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்னரே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பிடித்த கடைக்கும் இவ்விதி பொருந்தும். வழக்கமான உணவு நேரத்தைத் தாண்டி அக்கடை ஒரு மணி நேரத் தொலைவில் இருக்குமாயின், வழியிலேயே இரண்டு இட்லி உண்டுவிட்டு, அங்கே சென்று குறைவாகச் சுவைத்துக்கொள்ளலாம். கூட்டம் நிறைந்த நாளில், வரிசையில் நிற்கும் முன்னரே ஒரு வாழைப்பழமோ சில பிஸ்கட்டுகளோ உண்பது பசியைக் கெடுத்துவிடாது, உங்களைக் காக்கும்.

தொடர்வண்டியில் செல்வோர்க்கு ஒரு வசதி உண்டு. வந்தே பாரத் போன்ற, உணவு வழங்கும் வண்டிகளில் முன்பதிவின்போதே நீரிழிவாளர்க்குரிய உணவைத் தேர்ந்தெடுக்கலாம். விமான நிறுவனங்கள் பலவற்றிலும் முன்கூட்டியே சொன்னால் அத்தகைய உணவு கிடைக்கும். எனினும், தட்டைக் கண்ணால் கண்ட பின்னரே மருந்து என்ற விதி அங்கும் மாறாது.

எதை உண்பது?

நேரம் சரியாகிவிட்டால், தேர்வு அவ்வளவு கடினமன்று. ஒவ்வோர் ஊரின் சிறப்பு உணவையும் முற்றிலும் துறக்க வேண்டியதில்லை. அதனுள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

இலைச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். ஓட்டலில் இலையில் குவிக்கும் சோறு 300 கிராமைத் தாண்டினால், அதில் மட்டுமே 85 கிராம் மாவுச்சத்து சேர்ந்துவிடும். ஆனால் நம் இலைச் சாப்பாட்டுக்கு ஒரு நற்பண்பு உண்டு. பொரியலும் கூட்டும் முதலில் வருகின்றன. சோறு பின்னரே வருகிறது. நாம்தாம் சோற்றுக்காகக் காத்திருக்கிறோம். காயையும் கூட்டையும் முதலில் உண்டு, கேட்டு இன்னொரு முறையும் வாங்கிக்கொண்டு, பின்னர் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகம் தணியும். மீனோ முட்டையோ கோழியோ உண்பவர்களும் அதை முதலில் தொடங்கலாம். முதல் முறை பரிமாறிய சோற்றுடன் நிறுத்திக்கொண்டு மோருடன் முடிக்கலாம்.

ஆம்பூர், திண்டுக்கல் பிரியாணிகளில் சோறும் கொழுப்பும் சேர்ந்திருக்கின்றன. கொழுப்பு இரைப்பையை மெதுவாகக் காலியாக்கும். ஆகவே, சர்க்கரை உடனே ஏறாமல் 3 முதல் 5 மணி நேரம் கழித்து ஏறும். இரண்டு மணி நேரத்தில் சோதித்து, நன்றாகவே இருக்கிறது என்று மகிழ்வோர் மாலையில் ஏமாறுவர். விரைவு இன்சுலின் போடுவோர்க்கு முதலில் தாழ்வும் பின்னர் உயர்வும் நேரலாம். அரைத் தட்டுப் பிரியாணி, கூடுதல் கறித் துண்டு, நிறைய வெங்காயப் பச்சடி என்பது தக்க பங்கீடு. எண்ணெய் பரோட்டாவும் இத்தகையதே. மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு, பொரிப்பதால் கொழுப்பு மிகுதி. நான்கு பேர் செல்லும்போது இரண்டு பரோட்டா வாங்கிப் பகிர்ந்து, மீதி வயிற்றை நாட்டுக்கோழி வறுவலுக்கும் முட்டைக்கும் விடலாம்.

காலை உணவுக்கு இட்லி நல்ல தேர்வு. ஆவியில் வெந்தது, சூடானது, எண்ணிக்கை தெரிந்து உண்ணத்தக்கது. சாம்பாரில் பருப்பு உண்டு. கும்பகோணம் கடப்பாவில் பாசிப்பருப்புடன் உருளைக்கிழங்கும் சேர்வதால், அதையும் மாவுக் கணக்கில் சேர்த்துக்கொள்க. மதுரைக் கறிதோசையில் கறி இருப்பது நன்மையே. ஒன்றோடு நிறுத்துவது அதனினும் நன்மை.

மெல்லாமல் விழுங்கும் சர்க்கரையே விரைந்து ஏறுகிறது. ஜிகர்தண்டாவில் பாலும் பாதாம்பிசினும் மட்டுமல்லாமல், நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்கின்றன. கரும்புச்சாறு, சர்க்கரை சேர்த்த பழச்சாறு, குளிர்பானம் ஆகியவையும் அவ்வகையே. ஆசைக்கு வீட்டாருடையதில் இரண்டு மிடறு போதும். காப்பியைச் சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்குங்கள். சாலையோரக் கடைகளில் இப்போது அது புதுமையன்று. இளநீர் பலர்க்கும் நல்லது. ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்க்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே பாதிக்கக்கூடும். அவர்கள் தவிர்க்க வேண்டும்.

உப்பையும் மறவாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. ஊறுகாய், அப்பளம், வடகம், குழம்பு என்று ஒரு மதிய உணவிலேயே பெரும்பகுதி வந்துவிடும். இதயமும் சிறுநீரகமும் தளர்ந்தவர்கள் ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கினாலே வேறுபாட்டை உணர்வர். பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள், தத்தம் உணவுப் பட்டியலில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்பது 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. பெரிய உணவகங்களில் அதைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

மதுக்கூடம் பற்றிச் சில சொற்கள்

இதைப் பற்றி எங்களிடம் கேட்பவர் குறைவு. கேட்காமலே செய்பவர் பலர். புதுச்சேரிக்கோ கோவாவுக்கோ நண்பர்களுடன் செல்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செல்வதில்லை. ஆகவே நாங்களே சொல்லிவிடுகிறோம். மது அருந்துவதில் உடல்நலத்திற்குப் பாதுகாப்பான அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. அருந்தாதவர் அப்படியே இருங்கள். கல்லீரல், கணைய நோய் உள்ளவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர்க்கு ஒரு துளியும் கூடாது. மற்றவர்களும் பின்வருவதை அறிந்திருக்க வேண்டும்.

உணவு இல்லாத நேரத்தில் இரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது கல்லீரல். மது உள்ளே வந்ததும், அதைச் சிதைப்பதிலேயே கல்லீரல் ஈடுபடுகிறது; புதிய சர்க்கரையை ஆக்கும் வேலை தடைப்படுகிறது. இன்சுலினோ தூண்டும் வகை மாத்திரையோ உடலில் இருக்கும்போது இத்தடை மிகக் கொடியது. தாழ்சர்க்கரை அன்றிரவே வரலாம்; மறுநாள் காலையிலும் வரலாம்; 24 மணி நேரம் வரை ஆபத்து உண்டு. மதுக்கூடத்தில் தொட்டுக்கொள்ளக் கிடைக்கும் வறுத்த கடலையிலும் ஆம்லெட்டிலும் மாவுச்சத்து மிகக் குறைவு. அவை உணவுக்கு ஈடாகா.

அளவைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. "பீர்தானே" என்பார்கள். 42.8 விழுக்காடு மதுசாரம் உள்ள விஸ்கி 30 மி.லி. அளவில் சுமார் 10 கிராம் மதுசாரம் இருக்கிறது. 8 விழுக்காடு உள்ள வலுவான பீர் 650 மி.லி. புட்டி ஒன்றில் சுமார் 41 கிராம் இருக்கிறது. ஒரு புட்டி பீர், நான்கு சிறு அளவு விஸ்கிக்குச் சமம்.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து வேறொன்று. தாழ்சர்க்கரையில் வரும் நாக்குழறலும் தள்ளாட்டமும் உறக்கமும், போதையின் குறிகளைப் போலவே இருக்கும். "குடித்திருக்கிறான், தூங்கட்டும்" என்று நண்பர்கள் விட்டுவிடுவார்கள். காலையில் எழுப்பும்போது எழாமலும் போகலாம். ஆகவே, உடன் செல்லும் ஒருவர்க்கேனும் நீங்கள் நீரிழிவாளர் என்பது தெரிந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. இரவு உணவைத் தவிர்க்கக் கூடாது. உறங்கும் முன் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். மெட்பார்மின் உண்போர் மிகையாக அருந்தினால், இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகும் அரிய, ஆனால் கொடிய நிலை நேரலாம்.

தாழ்சர்க்கரை வந்துவிட்டால்

நோயாளர் விழிப்புடன் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள். குளுக்கோஸ் பொடியானால் மூன்று தேக்கரண்டி. அது இல்லையேல் அதே அளவு சர்க்கரையை நீரில் கரைத்தோ அரைத் தம்ளர் பழச்சாறாகவோ கொடுக்கலாம். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மீண்டும் அதே அளவு. சரியான பின், உடனே இட்லியோ சோறோ உண்ண வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவா. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் பைக்குள் இருப்பது நல்லதே. ஆனால் கடலையிலுள்ள கொழுப்பு, வெல்லம் உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும். அவசரத்திற்கு அது ஏற்றதன்று. இரண்டாவது, வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்னும் மாத்திரை உண்போர்க்குச் சாதாரணச் சர்க்கரை விரைந்து பயன் தராது. அம்மாத்திரைகள் சர்க்கரை குடலில் பிரிவதைத் தடுக்கின்றன. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடியே வேண்டும். ஆகவே, ஒவ்வொருவர் கைப்பையிலும் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும்.

நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். ஒருபக்கமாகப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள். நாட்டின் எப்பகுதியிலும் 112 என்ற அவசர எண்ணையும் அழைக்கலாம். வண்டி ஓட்டுபவர்க்குத் தாழ்சர்க்கரை வந்தால், சர்க்கரை சீரான பின்னும் முக்கால் மணி நேரம் ஓட்டாதிருக்க வேண்டும். ஓட்டத் தொடங்கும் முன் அளவு 90-க்கு மேல் இருக்கட்டும்.

உணவு ஒத்துக்கொள்ளாவிட்டால்

சூடாக ஆவி பறக்க வருவது பெரும்பாலும் பாதுகாப்பானது. நெடுநேரம் வெளியே இருந்த தேங்காய்ச் சட்னி, வெட்டி வைத்த பழம், நீரின் தூய்மை தெரியாத கடையின் பனிக்கட்டி ஆகியவற்றைத் தவிருங்கள். மீறி வாந்தியோ பேதியோ தொடங்கினால், உயிர்காக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகப் பருகுங்கள். இதில் சர்க்கரை இருக்கிறதே என்று அஞ்ச வேண்டா; அது உப்பையும் நீரையும் உடல் உறிஞ்சத் துணைபுரிகிறது.

மெட்பார்மினையும், டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் போன்ற மாத்திரைகளையும் உடல்நிலை சீராகும் வரை நிறுத்திவைத்து மருத்துவரைத் தொடர்பு கொள்ளுங்கள். பிந்தையவற்றை உண்போர்க்கு, சர்க்கரை அவ்வளவு உயராமலேயே இரத்தத்தில் அமிலம் பெருகக்கூடும். உண்ணவில்லையே என்று இன்சுலினை முற்றிலும் நிறுத்திவிடுவதும் தவறு. வாந்தி நிற்காவிடினும், மூச்சு வேகமாகினும், மயக்கம் தோன்றினும் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லத் தயங்காதீர்கள்.

புறப்படும் முன்

கைப்பையில் இருக்க வேண்டியவை: சோதிக்கும் கருவியும் பட்டைகளும், குளுக்கோஸ் பொட்டலம், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, ஓரிரு வேளைக்குத் தாங்கும் பிஸ்கட்டோ பழமோ, மருந்துகளின் பெயர் எழுதிய தாள், "நான் நீரிழிவு நோயாளர்" என்ற அட்டை. அட்டை பையில் அல்ல, சட்டைப் பையில் இருக்கட்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின், 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் நான்கு வாரம் வரை நன்றாக இருக்கும். நீங்கள் மெஸ்ஸில் அமர்ந்திருக்கும்போது, வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிடாதீர்கள். உங்களுடனே எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டியின் மீது நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. விமானத்தில் சரக்குப் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் முன்பு சொன்ன அப்பெரியவர் சில மாதங்கள் கழித்து மீண்டும் மதுரைக்குச் சென்றார். மேலூரிலேயே இரண்டு இட்லி உண்டார். மெஸ்ஸில் இலை விரித்து, பொரியலும் சோறும் விழுந்த பின்னரே ஊசியை எடுத்தார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் வியப்புடன் பார்த்தாராம். "அவர் பார்த்தால் பார்க்கட்டும் டாக்டர், இந்த முறை சாப்பாட்டின் ருசி எனக்கு நினைவிருக்கிறது" என்றார். அன்று உணவுக்குப் பின் சர்க்கரை 210 இருந்ததைச் சற்றுக் குற்ற உணர்வுடன் சொன்னார். நாங்கள் அதைக் குறித்துக்கொண்டோம், கடிந்துகொள்ளவில்லை.

அடுத்த பயணத்திற்கு நாள் குறித்ததும், மாத்திரை அட்டைகளையும் பயண நேரங்களையும் எடுத்துக்கொண்டு புறநோயாளர் பிரிவுக்கு ஒருமுறை வாருங்கள். எந்த ஊரில் எந்த வேளை உண்ணப் போகிறீர்கள் என்று சொன்னால், எந்த மருந்து எப்போது என்பதைத் தாளில் எழுதித் தருவோம். எந்தக் கடை என்பதை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள்.